தாய் இறப்பாள் என்றொரு பூ

சில ஆண்டுகளுக்கு முன், விடுப்பில் சென்ற பங்குத் தந்தை ஒருவருக்குப் பதிலாக இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் நாம் தங்கியிருந்தோம். மே மாத இறுதி. சாலையின் இரு மருங்கிலும் இடுப்பளவு உயரத்தில், பால் பொங்கினாற்போல் ஒரு காட்டுப் பூ மலர்ந்திருந்தது. தண்டின் உச்சியில் குடைக்கம்பிகள் போல் காம்புகள் விரிந்து, நுனிதோறும் சின்னஞ்சிறு வெண்பூக்கள். கொத்துமல்லி பூத்த பாத்தியைக் கண்டவர்களுக்கு அத்தோற்றம் புதிதன்று. காரட், சீரகம், சோம்பு, கொத்துமல்லி யாவும் அதே குடும்பத்தினவே.

மாதாவின் வணக்க மாதமாயிற்றே! புதுநன்மைக்கு ஆயத்தமான சிறுவர்களிடம், மாதா பீடத்திற்கு அப்பூக்களைப் பறித்து வரச் சொன்னோம். மற்றவர்கள் கைநிறையக் கொணர, சிறுமி ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு வந்தாள். "அந்தப் பூவை உள்ளே கொண்டுவந்தால் அம்மா இறந்துபோவாளாம். பாட்டி சொன்னார்" என்றாள். நூல்களில் 'கௌ பார்ஸ்லி' எனப்படும் அச்செடிக்கு நாட்டுப்புறத்தார் இட்ட பெயர் 'மதர்-டை', அதாவது 'தாய் இறப்பாள்'. நாம் நகைத்தோம். நகைத்ததோடு நில்லாது, ஞாயிறு மறையுரையில் மூடநம்பிக்கையைச் சற்றுக் கடுமையாகவே சாடினோம்.

திருப்பலி முடிந்ததும் அப்பாட்டி நம்மைப் பீடத்தருகே அழைத்துச் சென்றார். கைக்குட்டையால் பிடித்து, பூச்சாடியினின்று இரு தண்டுகளை எடுத்துக் காட்டினார். ஒன்றில் நீளவாட்டில் வரிப்பள்ளங்களும் மெல்லிய மயிரும் இருந்தன. மற்றது வழுவழுப்பானது, பச்சை மேனியெங்கும் செந்நீலப் புள்ளிகள். "இது ஹெம்லாக், ஃபாதர்" என்றார்.

கி.மு. 399-இல் ஏதென்ஸ் நகரில் சாக்ரடீசுக்கு அளிக்கப்பட்ட நஞ்சு அது! தசைகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்க, இறுதியில் மூச்சு நின்றுவிடும். உள்ளே வெற்றிடமான அதன் தண்டில் ஊதுகுழல் செய்து வாயில் வைத்த பிள்ளைகளும் நஞ்சேறி நலிந்ததுண்டு.

இரண்டையும் பிரித்தறியும் அறிவு குழந்தைக்கு ஏது? ஆகவே இரண்டையுமே தொடாதிருக்க, குழந்தை எதை இழக்க மிகவும் அஞ்சுமோ அதையே தாய்மார் பெயராக்கினர் என்றார் பாட்டி. அறிஞர் சிலரும் அவ்வாறே கருதுகின்றனர்.

1753-இல் லின்னேயஸ் அந்நச்சுச் செடிக்கு இட்ட இலத்தீன் பெயர் 'கோனியம் மாக்குலாட்டம்'. 'மாக்குலா' என்றால் புள்ளி, கறை. அச்சொல்லைக் குருமடத்திலேயே அறிவோம். மாதாவை 'இம்மாக்குலாத்தா', கறையற்றவள், என்று அழைப்பது அதனாலன்றோ? சொல்லை அறிந்திருந்தோம்; செடியை அறிந்தோமில்லை. கறையற்றவளின் பீடத்தில் கறைபட்ட நஞ்சை, அதுவும் குழந்தைகளின் கைகளாலேயே, வைத்துவிட்டோம்.

அன்றே பூக்களை அகற்றினோம். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் விவரம் கூறினோம். இறையருளால் எவருக்கும் தீங்கில்லை. அடுத்த ஞாயிறு, அதே பீடத்தினின்று அச்சிறுமியிடமும் பாட்டியிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

பூவைப் பறித்தால் தாய் இறப்பதில்லை. நாம் மறையுரையில் சொன்னது மெய்தான். ஆயினும் அன்று பிள்ளைகளைக் காக்க நின்றது அந்தப் பொய்ப் பெயரே, நம் மெய்யன்று. அன்று முதல், முதியோர் சொல் ஒன்றைக் கேட்டு நகைப்பு எழும்போதெல்லாம், "இது யாரைக் காக்கச் சொன்னதோ?" என்று முதலில் வினவக் கற்றிருக்கிறோம்.