அவனா, அவளா, அவரா?

அறிவியலுக்கும் இலக்கணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள், தோழியரே. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருந்துகொண்டு நெல்லைப் பற்றி நான்கு வரி எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக, திருந்திய நெல் சாகுபடி பற்றி எங்கள் குழு ஒரு செயல்முறைத் தாள் தயாரித்தது. 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளி, நட்ட 10ஆம் நாள் முதல் கோனோவீடர் என்னும் களைக்கருவியை உருட்டுதல். இதுவரை தகராறு இல்லை. வாக்கியமாக எழுதியபோதுதான் வினை வந்தது. ஒரு தோழி எழுதியிருந்தாள்: “விவசாயி நிலத்தைச் சமன் செய்ய வேண்டும், அவர் நீரை வடிக்க வேண்டும். நடவு செய்பவள் வேர் அறாமல் நட வேண்டும். கருவி தள்ளுபவன் அதை முன்னும் பின்னும் உருட்ட வேண்டும்.”

நிலத்துக்குரியவர் ‘அவர்’, சேற்றில் குனிபவள் ‘அவள்’, கருவி பிடிப்பவன் ‘அவன்’! மூன்று வரியில் ஊரே வந்துவிட்டது.

“வழக்கத்தில் இருப்பதைத்தானே எழுதினேன்!” என்றாள் அவள். ‘அவன்’ என்றாலே இருபாலாரும் அடக்கம் என்றாள் மற்றொருத்தி. ‘அவன்/அவள்’ என்று கோடு போடலாம் என்றவள், வினைமுற்றுக்கும் ‘செய்வான்/செய்வாள்’ என்று கோடு போட வேண்டி வந்ததும் தானே கைவிட்டாள்.

தமிழம்மா தொல்காப்பியத்தை எடுத்து வந்தார்கள். ‘ஒருவர்’ என்னும் சொல் ஆண், பெண் இரண்டுக்கும் உரியது, பன்மை வினை கொள்ளும் என்று சொல்லதிகாரத்தில் இருக்கிறது. ஒருவரை உயர்வு கருதிப் பன்மையால் சொல்வது இலக்கண நெறி அன்று, வழக்கில் வந்தது என்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘தே’ என்னும் பன்மைச் சொல்லை ஒருவருக்கு வழங்கலாமா என்று நெடுநாள் வழக்காடினார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு 2019இல் அதை ஏற்றுக்கொண்டது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லையே என்று எல்லோருக்கும் பெருமை.

எனக்கு நிம்மதி ஏற்படவில்லை. நமது ‘அவர்’ பாலை மறைக்கும்போதே மரியாதையையும் கொடுத்துவிடுகிறது. ஆகவே, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. நடவாளை ‘அவர்’ என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று எங்கள் குழுவிலேயே சொன்னார்கள். என் அம்மா நடவுக்குப் போகிறவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“‘நடவும்’, ‘உருட்டவும்’ என்று எழுதிவிடுங்கள், ஆளே வராது, சண்டையும் வராது” என்றார்கள் சிஸ்டர். நல்ல யோசனைதான், ஆனால் நான் ஒப்பவில்லை. ஆளைச் சொல்லாத இடத்தில், படிப்பவர் தமக்குப் பழகிய ஆளையே நிறுத்திக்கொள்வார். எங்கள் தெருவில், குனிந்து கையால் களை பறித்தவரை அது பெண்கள் வேலை. கருவி வந்ததும் ஆண்கள் வேலையாகிவிட்டது, கூலியும் கூடிவிட்டது.

கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. ஏழு பேரில் நால்வர் என் பக்கம். ‘நடவு செய்பவர்’, ‘கருவியை இயக்குபவர்’ என்றே எழுதினோம். ‘அவர்’ மறைத்ததைப் படமாவது சொல்லட்டும் என்று, கருவி பிடித்தவருக்குச் சேலை கட்டி நானே வரைந்தேன்.

கண்காட்சிக்கு வந்த அம்மா அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்கள். பிறகு, “இது எவ்வளவு கனம் இருக்கும், பாப்பா?” என்று கேட்டார்கள்.