நீராவிக்கு ஓர் அறை

தில்லி துவாரகாவில் அடுக்ககம் ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம் அது. குளியலறையின் ஷவர் மூலையை நீராவி அறையாக மாற்றும் எண்ணம் பாட்டியின் முழங்கால் வலியிலிருந்து பிறந்தது. ஊரில் அவர் கொதிக்கும் பானையில் நொச்சி இலையும் மஞ்சளும் இட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேது பிடித்தவர். இப்போது குனிந்து அமர அவரால் இயலவில்லை. "ஷவர் இருக்கும் இடத்திலேயே ஆவி வருமாறு செய்துவிடலாம், அம்மா" என்றார் மகன்.

ஆவியை உண்டாக்குவது எளிது. நீரைக் கொதிக்கவைக்கும் ஒரு மின்கருவி போதும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை நிரப்பும். அதனை அடைத்து வைப்பதுதான் அரிது. கம்பளி செய்த வேலையை இங்கே சுவரும் கூரையும் கதவும் செய்யவேண்டும். பழைய பிளாஸ்டிக் திரைக்கு மாற்றாக, தரைமுதல் கூரைவரை இடைவெளியின்றி மூடும் கண்ணாடிக் கதவு வந்தது.

டைல்ஸ் ஒட்டிய சுவருக்குள் ஈரம் புகாது எனப் பலரும் நம்புகின்றனர். டைல்ஸ் தடுக்கும், அவற்றின் இடுக்குகளில் நிரப்பிய சிமெண்டு தடுக்காது. அதன் வழியே நுழையும் ஆவி சுவருக்குள் குளிர்ந்து நீராகும். நாளடைவில் மறுபுறம் வண்ணப்பூச்சு உரியும், பூஞ்சை படரும். அந்த மறுபுறம் பக்கத்து வீட்டாரின் படுக்கையறை! ஆகவே பழைய டைல்ஸ் முழுவதையும் பெயர்த்து, சுவரிலும் கூரையிலும் ஆவி புகாத பூச்சுப் பூசிய பின்னரே புதியவை பதிக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சுக்குச் செலவு செய்ய வீட்டில் முதலில் யாருக்கும் மனம் வரவில்லை.

கூரையைச் சற்றுச் சரிவாக அமைத்தார் கொத்தனார். தட்டையான கூரையில் குளிரும் துளிகள் தலைமேல் சொட்டும். சரிவிருந்தால் சுவர்வழியே இறங்கிவிடும். ஆவி வரும் துளையை இருக்கையிலிருந்து விலக்கி, தரையருகே வைத்தார். ஆவி தோலில் பட்டு நீராகும்போது தன்னுள் அடங்கிய வெப்பத்தையெல்லாம் கொடுத்துவிடும். கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடும். செங்கோட்டையில் ஷாஜகான் காலத்து ஹமாமிலும் வெப்பமூட்டும் அமைப்பு சுவருக்குள்தான் இருக்கிறது.

பாட்டி இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவர். பத்து நிமிடத்திற்கு மேல் உள்ளே இருத்தல் கூடாது என்றார் மருத்துவர். பாட்டியின் குறையோ வேறு. "இலை போடாத ஆவி என்ன ஆவி?" என்று கேட்டார். கருவிக்குள் இலை இட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். எனவே, கருவியை இயக்குமுன் துளையின்கீழ் ஒரு கிண்ணத்தில் இலை வைப்பதென முடிவாயிற்று.

நொச்சி என்றால் நாற்றங்கால்காரருக்குப் புரியவில்லை. பேத்திதான் தேடிப் பார்த்து, "நிர்குண்டி" என்று கேட்டாள். அவர் உடனே உள்ளே சென்று ஒரு தொட்டியை எடுத்து வந்தார்.