குர்துபா முற்றத்துச் சொற்கள்

முதலாம் அப்துர் ரஹ்மான் கி.பி. 785-இல் எழுப்பத் தொடங்கிய குர்துபா பெரிய பள்ளிவாசல், 1236 முதல் தேவாலயமாக விளங்கி வருகிறது. அதன் ஆரஞ்சு மர முற்றத்தில் நின்றேன். பாங்கொலி இல்லை; நெஞ்சு கனத்தது.

கையிலிருந்த ஸ்பானிய அகராதியைப் புரட்டினேன். ஆரஞ்சுப் பூ ‘அஸஹார்’. அரபியில் ‘ஸஹ்ர்’ என்றால் மலர். தேள் ‘அலக்ரான்’, அது நாமறிந்த ‘அக்ரப்’. ஒலிவக் காயோ ‘அஸெய்தூனா’. நம் மதரஸாப் பிள்ளைகள் ஓதும் ‘ஸைத்தூன்’ அன்றோ! ஆரஞ்சைக் குறிக்கும் ‘நரான்ஹா’ அரபியின் ‘நாரஞ்ச்’. அதன் வேரை நம் நாரத்தையோடு இணைக்கும் மொழியறிஞரும் உளர்.

வாளால் வென்ற நிலம் கைமாறிற்று. அன்றாடம் வழங்கிய சொற்களோ அந்நாட்டார் நாவில் இன்றும் வாழ்கின்றன. அன்பர்களே, நம் பிள்ளைகள் ஓதும் சொற்களைப் பொருளுணர்ந்து ஓதச் செய்வோம்.