முதலில் நகல், பிறகு பழுது

குறிஞ்சிப்பாடியில் யார் சிபியுவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு வந்தாலும் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் போட்டுக் குடுங்கண்ணே." நான் உடனே போடுவதில்லை. ஹார்டு டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் எனப்படும் அந்தப் பதிவை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். அதில், படிக்கத் தடுமாறும் பகுதிகளை எண்ணிக் காட்டும் 'பெண்டிங் செக்டர்' வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கிறேன்.

இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், விண்டோஸில் டிஸ்கைச் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க். அது சரிசெய்வது கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பை. உள்ளே இருக்கும் கடிதத்தையோ கல்யாணப் படத்தையோ அல்ல. அமைப்பு ஒழுங்காக வேண்டும் என்பதற்காக, பொருந்தாத துண்டுகளைப் பெயர் மாற்றித் தனி ஃபோல்டரில் ஒதுக்கியும் விடும். தேய்ந்துபோன டிஸ்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கச் சொன்னால் மிச்சமிருக்கும் உயிரும் போகலாம். நல்ல கருவிதான், நகல் கைக்கு வந்தபின் ஓட்ட வேண்டிய கருவி.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருந்தால் எஸ்எஃப்சி என்ற கட்டளை உதவும். எஸ்எஃப்சி நல்ல கோப்பை எடுப்பது விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு கிடங்கிலிருந்து. கிடங்கே கெட்டிருந்தால் முதலில் டிஸ்ம் கட்டளையால் அதைச் சீராக்க வேண்டும்.

டிஸ்க் கிளீனப்பில் எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவதை நான் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அந்த அழிப்புப் பட்டியலில் சேர்ந்திருந்தது, பின்னர்தான் நீக்கினார்கள். நம் ஊரில் பட்டா, வில்லங்கச் சான்று, ஹால் டிக்கெட் எல்லாம் கிடப்பது அங்கேதான்.

நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் தூசியும், தறி இருக்கும் வீடுகளில் பஞ்சுத் துகளும் சேர்ந்து பிராசஸர் மேலுள்ள ஹீட்சிங்க்கில் கம்பளிபோல் படிகின்றன. 'ஸ்லோ' என்று வருபவற்றில் பல வெறும் சூட்டால் வந்தவை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்தபின் ப்ளோயர் அடிக்க வேண்டும். ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வெறிகொண்டு சுற்றினால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியபின்னும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

திடீரென்று கரண்ட் போனால் விண்டோஸ், மாற்றங்களைக் குறித்து வைத்திருக்கும் தன் குறிப்பேட்டைப் பார்த்துக் கோப்பு அடுக்கைச் சரிசெய்துகொள்ளும். மெமரியில் இருந்து டிஸ்க்குக்குப் போகாத உங்கள் வரிகள் போனவைதான். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்ததும் கடலூர் மாவட்டம் நாள்கணக்கில் இருளில் கிடந்தது. அப்போது யுபிஎஸ்ஸால் முடிந்தது முறையாக ஷட்டவுன் செய்யும் அவகாசம் மட்டுமே. யுபிஎஸ் இருப்பதே அதற்குத்தான், தொடர்ந்து வேலை செய்ய அல்ல.

நகலெடுக்கும்போது டி டிரைவையும் டெஸ்க்டாப்பையும் எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள், ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை மறக்கிறார்கள். யூனிகோடுக்கு முன் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பத்திரமும் அழைப்பிதழும் அந்த ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அதனால் நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து தமிழ் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய டிஸ்கில் கை வைக்கிறேன்.