தாம்பரத்தில் வீடு தேடும் வெளிநாட்டு மாணவர்கள்... சிக்கனமாக வாழ சில வழிகள்!

மாலை வேளையில் கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் வரை நடந்தால், காய்கறிக் கடையில் 'அண்ணா, எவ்ளோ?' என்று பேரம் பேசும் ஆப்பிரிக்க மாணவர்களைப் பார்க்கலாம். 1937-ல் தாம்பரத்துக்கு வந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தொடங்கி சேலையூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று வரிசையாகக் கல்வி நிறுவனங்கள். சில வருடங்கள் தங்கிப் படிக்க வருபவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் பணமோ அளவானது. அதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

முதல் அடி, அட்வான்ஸ்! சென்னையில் 10 மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. கையெழுத்துப் போடும் முன்பே பேசிக் குறைக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து எடுத்தால் பாரம் இன்னும் குறையும்.

அடுத்தது கரன்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். ஆனால், போர்ஷன் வீடுகளில் பெரும்பாலும் ஓனர் சொல்வதுதான் ரேட். யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். குடிபோகும் அன்றே மீட்டரை போட்டோ எடுத்து வையுங்கள்.

வாடகை குறைவு என்று தரைத்தளத்தை எடுக்கும் முன், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பது நல்லது. 2015-ல் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நனைந்து போன லேப்டாப்பும் சர்டிஃபிகேட்டும் வாடகையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

சமையலுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் போதும். முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். பயணத்துக்கு 1931 முதல் ஓடும் கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் இருக்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். தினமும் போகிறவர்களுக்கு சீசன் டிக்கெட் இன்னும் லாபம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பேப்பர். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர்கள், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் ஆன்லைனில் பதிய வேண்டும். கல்லூரியின் போனஃபைடு சான்றும், தங்குமிடத்துக்கான ஆதாரமும் வேண்டும். வீடு கொடுப்பவரும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் தர வேண்டும். 'அதெல்லாம் எதுக்கு தம்பி, ஆயிரம் ரூபா குறைச்சுக்கிறேன்' என்று சொல்லும் வீடுதான் உண்மையில் அதிகச் செலவு வைக்கும். பதிவு தாமதமானால் அபராதம், விசா நீட்டிப்பில் சிக்கல், கடைசியில் படிப்பே கேள்விக்குறி.

'ஃபாரினருக்கு வீடு இல்லை' என்று கதவைச் சாத்தும் ஓனர்கள் பலருக்கும் 'போலீஸ், கேஸ்னு அலைய வேண்டியிருக்குமோ' என்ற பயம் இருக்கிறது. அந்தப் படிவத்தை மொபைலிலேயே முடித்துவிடலாம் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வீடு பார்க்கப் போகும்போதே பாஸ்போர்ட், விசா, கல்லூரிக் கடிதத்தின் நகல்களை எடுத்துப் போய் நீட்டினால், மீதிப் பயமும் போகும்.

நம் பிள்ளைகளும் ஏதோ ஒரு நாட்டில் இப்படித்தான் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு கதவு திறந்தால் நமக்கு எவ்வளவு நிம்மதி! அதே நிம்மதிக்காக, சேலையூரில் வீடு தேடும் பிள்ளையின் அம்மாவும் எங்கோ காத்திருக்கிறார்.