வண்டி பழசாகும், பார்ட்ஸ் பழசாகாது

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. 75 லட்ச ரூபாய் எஸ்.யூ.வி. ஒண்ணு 24 லட்சத்துக்குக் கிடைச்சா லாபமா, நஷ்டமா? "லாபம்தான், இதுல என்ன கேள்வி"ன்னு சொல்றவங்க கடைசி வரைக்கும் படிங்க. "நஷ்டம்"னு சொல்றவங்க ஏற்கெனவே ஒண்ணு வாங்கி வெச்சிருக்கீங்கன்னு புரியுது :-)

எங்க ஏரியா பத்தித் தெரியாதவங்களுக்கு: ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்துப் பக்கம் இருக்கற தோல் ஊருங்க. தோல் ஷாப், ஷூ கம்பெனி, அதுங்களுக்கு அப்பர் தைச்சுக் கொடுக்கிற சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுங்க. எங்க மாமா ஆம்பூர்ல அப்படி ஒரு யூனிட் வெச்சிருக்கார். 40 பேர் வேலை செய்யறாங்க. 2025 ஆரம்பத்துல அவருக்கு ஒரு ஆசை வந்துச்சு. 2018 மாடல் ஜெர்மன் எஸ்.யூ.வி., டீசல், ஒரே ஓனர், 24 லட்சம்.

"மாப்ள, நீதான் இன்ஜினியராச்சே, வந்து பாரு"ன்னு கூப்பிட்டார். நான் எழுதறது சாஃப்ட்வேர், பானட்டுக்குள்ள எனக்கென்ன வேலைன்னு சொன்னா கேக்கற ஆளில்லை. போனேன். மாமா இன்ஜினைப் பாக்கவே இல்லை. சீட்டை விரலால தேய்ச்சுப் பாத்துட்டு, "இது தோலே இல்ல மாப்ள"ன்னார். நிஜம்தான். பென்ஸ்ல 'ஆர்டிகோ'ன்னும் பி.எம்.டபிள்யூ.ல 'சென்சாடெக்'னும் சொல்றது செயற்கைத் தோல்தான். ஆம்பூர்க்காரங்களை சீட்டு விஷயத்துல ஏமாத்த முடியாது. மத்த விஷயத்துக்குத்தான் நமக்குத் தெரிஞ்ச ஒரே ஆயுதம் எக்செல் இருக்கே!

மாமா பக்கம் நியாயமும் இருந்துச்சு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 20 லட்சத்துக்கு மேல விலை உள்ள புது காருக்கு ஆயுள் வரியே 20 சதவீதம். பழைய வண்டின்னா அந்த வரியை முதல் ஓனர் கட்டிட்டார். முதல் சில வருஷத்துப் பெரிய விலை வீழ்ச்சியும் அவர் தலையிலதான். "மிச்சத்தை நான் அனுபவிக்கப் போறேன், இதுல உனக்கென்ன கஷ்டம்"ங்கிறது அவர் வாதம்.

சரி, கணக்குக்கு வருவோம். 5 வருஷம், வருஷத்துக்கு 10 ஆயிரம் கி.மீ. ஓட்டறதா வெச்சு, ரெண்டு மூணு இடத்துல விசாரிச்சுப் போட்ட உத்தேசக் கணக்கு இது.

விலை இறக்கம்: 24ல வாங்கி, 12 வயசு வண்டியா 7க்கு வித்தா 17 லட்சம்.
இன்ஷூரன்ஸ்: 3.5 லட்சம்.
வருஷ சர்வீஸ்: 3 லட்சம்.
டயர் ஒரு செட்: 1.15 லட்சம்.
பிரேக் டிஸ்க், பேட், பேட்டரி: 1.5 லட்சம்.
பெரிய ரிப்பேர் ஒண்ணு (ஏர் சஸ்பென்ஷனோ, கியர்பாக்ஸோ, டர்போவோ): 4 லட்சம்.
டீசல், லிட்டருக்கு 10 கி.மீ.: 4.65 லட்சம்.
மாமா ஓ.டி. கணக்குல இருந்து எடுக்கற 24 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி: 13.2 லட்சம்.

கூட்டினா 48 லட்சம். வாங்குன விலையை மாதிரி ரெண்டு மடங்கு, அதுவும் வித்த காசைக் கழிச்சப்புறம்! மாசம் 80 ஆயிரம். கி.மீ.க்கு 96 ரூபாய். ஆம்பூர்ல இருந்து சென்னை சுமார் 190 கி.மீ., ஒரு வாட்டி போனா 18 ஆயிரம். இந்த வண்டியில மலிவா இருக்கறது ஒண்ணே ஒண்ணு, டோல்கேட். பள்ளிகொண்டாவுல ஆல்டோவுக்கும் இதுக்கும் ஒரே ரேட்டு :-)

இந்த லிஸ்ட்டைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்ச விஷயம் இதுதான். வண்டி விலை வருஷா வருஷம் இறங்குது, பார்ட்ஸ் விலை இறங்கறதே இல்லை. 24 லட்ச ரூபாய் வண்டிக்கு 24 லட்ச ரூபாய் வண்டியோட ஹெட்லைட் கிடைக்காது. 75 லட்ச ரூபாய் வண்டியோட ஹெட்லைட்தான் வாங்கணும். நாங்க விசாரிச்சப்போ ஒரு பக்க லைட்டுக்கு மட்டும் 2 லட்சத்துக்கு மேல சொன்னாங்க. ஏர் சஸ்பென்ஷன்ல இருக்கற ரப்பர் பைக்கு, வண்டியை வித்து வாங்குனது எவ்வளவுக்குன்னு தெரியாது. அது பாட்டுக்கு வயசாகி வெடிக்கும்.

ஓட்டற விதமும் சேந்துக்கும். நவீன டீசல் வண்டியில டி.பி.எஃப்.னு ஒரு வடிகட்டி, புகைக்கரியைப் பிடிச்சு வெச்சுக்கும். அந்தக் கரி எரிஞ்சு போகணும்னா ஹைவேஸ்ல கொஞ்ச நேரம் சூடா ஓடணும். வீட்டுல இருந்து யூனிட், யூனிட்ல இருந்து கம்பெனின்னு 3 கி.மீ., 4 கி.மீ. மட்டுமே ஓட்டினா அடைச்சுக்கும். மாமாவோட ஓட்டம் முக்கால்வாசி அப்படித்தான்.

"இன்ஷூரன்ஸ் எதுக்கு இருக்கு"ன்னு கேட்டார். அங்கேயும் அதே கதைதான். வண்டிக்குப் போடற மதிப்பு 4 வருஷம் தாண்டினா பாதியாயிடும். 5 வருஷம் தாண்டினா கம்பெனியும் நாமளும் பேசி முடிவு பண்றதுதான். சாதாரண பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர் பார்ட்ஸுக்குப் பாதிதான் தருவாங்க. முழுசா தர்ற 'ஜீரோ டெப்' பெரும்பாலும் 5 வருஷ வண்டி வரைக்கும்தான். ரிப்பேர் செலவு அந்த மதிப்புல 75 சதவீதத்தைத் தாண்டினா 'டோட்டல் லாஸ்'. ரெண்டு லைட்டு, பம்பர், ஏர்பேக் போனாலே பழைய லக்சுரி வண்டி அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல வந்துடும்.

"கம்பெனி பேர்ல வாங்குனா டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு ஆடிட்டர் சொன்னாராம். கழிக்கலாம், எவ்வளவு? தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம். 24 லட்சத்துக்கு முதல் வருஷம் 3.6 லட்சம். 30 சதவீத வரி கட்டறவருக்கு மிச்சம் 1.08 லட்சம். ஒரு செட் டயர் கூட வராது. காருக்குக் கட்டுன ஜி.எஸ்.டி.யைத் திருப்பி எடுக்கவும் பொதுவா வழியில்லை. 13 பேர் வரைக்கும் உக்கார்ற வண்டிக்கு அந்தக் கதவை மூடி வெச்சிருக்காங்க.

இதெல்லாம் நம்ம கையில இருக்கற செலவு. கையில இல்லாததும் உண்டு. 2024 மே மாசம் ரேஞ்ச் ரோவரை இந்தியாவுலயே அசெம்பிள் பண்ணப் போறதா அறிவிச்சாங்க, விலை 18ல இருந்து 22 சதவீதம் வரை குறைஞ்சுது. 2025 செப்டம்பர் 22 அன்னிக்கு பெரிய எஸ்.யூ.வி. மேல இருந்த 50 சதவீத வரி (ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேத்து) 40 ஆச்சு. புதுசா வாங்கறவனுக்கு தீபாவளி. முந்தின மாசம் வாங்குனவன் வண்டி ஷெட்ல நின்னுக்கிட்டே சில லட்சம் இளைச்சுப் போச்சு. நம்ம ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல டாட்டா - ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டுனாங்க, 9,000 கோடி முதலீடு. ஊருக்கு ரொம்ப நல்ல சேதி. பழைய லேண்ட் ரோவரை விக்கக் காத்திருக்கறவருக்கு எப்படி இருக்கும்னு தெரியலை.

ஃபோர்டு எண்டெவர் இன்னொரு பாடம். மறைமலைநகர்ல செஞ்ச வண்டி, நல்ல வண்டி. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சுது. சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும்னாங்க, தொடர்ந்துச்சு. ஆனாலும் ஓனருங்களுக்கு ஒரே நாள்ல புதுக் கவலை வந்துடுச்சு. பத்து வருஷம் வெச்சிருக்கற பொருள்னா அந்தக் கம்பெனியோட பத்து வருஷ ஜாதகமும் பாக்கணும்.

எல்லாத்தையும் கேட்டுட்டு மாமா சொன்ன பதிலை என்னால எக்செல்ல போட முடியலை. "மாப்ள, கம்பெனிக்காரன் வாசல்ல நிக்கிற வண்டியப் பாத்துதான் ஆர்டரும் அட்வான்ஸும் தர்றான். மொபெட்ல போனா கேட்லயே உக்கார வெப்பான். அதுக்கு உன் கணக்குல இடம் இருக்கா?" இல்லைதான். எங்க ஊர்ல கௌரவமும் ஒரு விதத்துல கடன் வாங்கற தகுதி. ஆனா இன்னோவாவுல போனா கேட்ல நிறுத்துவாங்களா மாமான்னு கேட்டேன். கோவமா டீ குடிச்சார்.

பின்னாடி வர்ற பில் பத்தி எங்க ஊருக்குப் புதுசா யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தோல் வித்த காசு அன்னிக்கே வந்துச்சு; பாலாறும் கிணறும் கெட்டதுக்கான பில் அப்புறம் வந்துச்சு. 1996 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் கெடுத்தவனே செலவைக் கட்டணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. 2025 ஜனவரியிலயும் அதே பாலாத்துக்காக இன்னொரு தீர்ப்பு. வாங்கற அன்னிக்குத் தெரியற விலை முழு விலை கிடையாதுன்னு எங்களைவிட யாருக்குத் தெரியும்?

மாமா வாங்கலை. "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போட்டார். 2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா இந்தியப் பொருள் மேல வரியை 50 சதவீதம் ஆக்குனப்போ, அவர் தைச்சுக் கொடுக்கற கம்பெனி ஆர்டரை நிறுத்தி வெச்சுது. பழைய பில்லுக்கும் காசு வர லேட்டாச்சு. அந்த ரெண்டு மாசமும் 40 பேருக்குச் சம்பளம் போனது அந்த ஓ.டி.யில இருந்துதான். இதுக்காக எனக்கு பாராட்டு எதுவும் கிடைக்கலை. "உன்னாலதான் நல்ல வண்டி ஒண்ணு கை விட்டுப் போச்சு"ன்னு போன வாரம் கூடச் சொன்னார் :-)

ஆகவே மக்களே, பழைய லக்சுரி வண்டி வாங்கலாமான்னு யாராவது கேட்டா நான் கேக்கறது ஒண்ணுதான். அதே வண்டியைப் புதுசா வாங்குனா பராமரிக்க உங்களால முடியுமா? முடியும்னா தாராளமா பழசு வாங்குங்க, நிஜமாவே லாபம். முடியாதுன்னா, குறைஞ்சது விலை மட்டும்தான்.

டிஸ்கி: டயர் ரேட்டு ஊருக்கு ஊர் மாறும். உங்க ஊர் ரேட்டு இன்னும் அதிகமா இருந்தா மாமாகிட்ட சொல்லணும், ஆதாரம் கேக்கறார்.