கூரைக்குள் ஒரு பிரசவம்!

தங்கைக்கு இரண்டாவது பிரசவம். அம்மாவுக்கு முழங்கால் வலி. விமானத்தில் அத்தனை நேரம் உட்கார முடியாது. அதனால் 2023 ஏப்ரலில் பத்திய சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு நானே கனடாவுக்குப் புறப்பட்டேன்.

டொரான்டோ நகரின் கிழக்கே ஸ்கார்பரோ என்ற இடத்தில் அவள் வீடு. கடைகளில் தமிழ்ப் பலகை; முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாமே கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஊரை விட்டு வந்த எண்ணமே எனக்கு இல்லை.

ஆனால் குப்பைத் தொட்டிக்குத் தாழ்ப்பாள் இருந்ததைப் பார்த்துத்தான் சிரித்துவிட்டேன். "எல்லாம் ரக்கூனுக்காக அக்கா" என்றாள் தங்கை. நம் ஊர் மரநாயைவிடப் பருமனான பிராணி அது. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலில் வளையம் வளையமாகக் கோடு. முன்னங்கால் விரல்களோ நம் கைவிரல் மாதிரியே வேலை செய்யும். ராத்திரியில் வந்து மூடியைத் திறந்து குப்பையை இறைத்துவிடும். இதற்காகவே நகரசபை 2016-லிருந்து தாழ்ப்பாள் வைத்த பச்சைத் தொட்டிகளை வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறது.

குழந்தை பிறந்து இருபது நாள் இருக்கும். கார் ஷெட்டின் கூரை ஓரத்தில் இருந்த ஓட்டையை மாப்பிள்ளை ஆள் வைத்துக் கம்பி வலையால் அடைத்தார். மறுநாள் பட்டப்பகலில் ஒரு ரக்கூன் கூரைமேல் ஏறி, வலையைப் பிறாண்டு பிறாண்டென்று பிறாண்டியது. வெறி பிடித்ததோ என்று பயந்து நான் துடைப்பத்தைத் தூக்கினேன்.

அடுத்த வீட்டு அம்மாள் ஓடி வந்தார். "அக்கா, அதை அடிக்காதேங்கோ! உள்ளுக்க குட்டி இருக்கும் போல!"

அதே சமயம் பால் கொடுத்துக்கொண்டிருந்த தங்கையும் உள்ளேயிருந்து, "ஏதோ குழந்தை அழற மாதிரி இருக்கே அக்கா" என்றாள். எனக்குத் துடைப்பம் கையிலிருந்து நழுவிவிட்டது. ஒரு தாயை வெளியே தள்ளி, அவள் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறோம்!

மாப்பிள்ளை அவசரமாக வந்து வலையைப் பிரித்தார். தாய் மிரண்டு வேலிக்கு அப்பால் ஓடிற்று. கையளவுக் குட்டி ஒன்று புல்லில் விழுந்தது. தங்கையின் பெரிய பிள்ளைக்கு இரண்டு வயது. "பூனை!" என்று பாய்ந்தவனை எட்டிப் பிடித்துவிட்டேன். அப்புறம் நான் என்ன செய்யப் போனேன் தெரியுமா? பால் காய்ச்ச!

நல்ல வேளையாக அடுத்த வீட்டு அம்மாள் வனவிலங்குகளைப் பராமரிக்கும் நிலையத்துக்குப் போன் செய்து விவரம் கேட்டுவிட்டார். அவர்கள் சொன்னது சகோதரிகளுக்கும் உதவும்.

வெறுங்கையால் தொடக்கூடாது, தடித்த கையுறை வேண்டும். பசும்பால் கூடவே கூடாது. வயிற்றுப்போக்கு கண்டு குட்டி செத்துப்போகும். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஒரு பக்கமாக வைத்து, குட்டியை விடவேண்டும். கூரைக்குக் கீழேயே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீண் பேச்சு.

விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் காத்திருந்தோம். இரவு பத்து மணிக்குமேல் அவள் வந்தாள். குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு மேலே ஏறினாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சில நாளில் குட்டிகளோடு வேறிடம் போய்விட்டாள். ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டி அடைத்து, மூன்று நாள் அது அசையாமல் இருப்பதைப் பார்த்த பிறகே மறுபடி வலை அடித்தோம்.

இரக்கம் இருந்தாலும் எச்சரிக்கையும் வேண்டும். ரக்கூனுக்கு வெறிநோய் வரலாம். அந்த மாகாணத்தில் 2005-ல் ஒழிந்த ரக்கூன் வெறிநோய், 2015 டிசம்பரில் ஹாமில்டனில் மறுபடி தலைகாட்டியது. பகலில் வெளியே வந்தாலே நோய் என்று அர்த்தமில்லை; தாய் இரை தேடியும் வரும். ஆனால் தள்ளாடினால், அடிபட்டுக் கிடந்தால் கிட்டே போகாதீர்கள். அங்கே நகரசபையின் 311 எண்ணுக்குச் சொல்லலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். இது நம் ஊர் நாய்க்கடிக்கும் பொருந்தும்.

இன்னொன்று. ரக்கூன் ஒரே இடத்தில் கழிவு போடும். அதிலுள்ள புழு முட்டைகள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வரும். வாயில் மண்ணை வைக்கும் குழந்தைக்கு மூளையையே பாதிக்கலாம். கையுறையோடு அள்ளி, அந்த இடத்தில் கொதிக்கும் நீர் ஊற்ற வேண்டும். குழந்தை விளையாடும் மணல் தொட்டியை மூடியே வைக்க வேண்டும்.

பெண்ணின் பிரசவத்துக்குக் கடல் கடந்து போகிறவர்கள் நம்மில் பலர். மருந்துப்பொடியோடு இதையும் நினைவில் எடுத்துப் போங்கள். ஓட்டையை அடைக்குமுன் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே யாராவது அழலாம்.